ஒழுக்கும் ஒழுக்கமும்

போன தவணை முடிவில் எங்கள் பாடசாலையில் பெற்றார் கூட்டம் நடந்தது. வெளியே ஆடி மழை. தகரக் கூரையில் அது கொட்டிய சத்தத்தில் பேசியவர்களின் பேச்சில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட பாதியில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஒழுக்கம். பிள்ளைகளிடம் ஒழுக்கம் இல்லை, ஒழுக்கம் இல்லாத கல்வி பாழ், நம் காலத்தில் ஒழுக்கம் இருந்தது, இன்றைக்கு எங்கே ஒழுக்கம். திருக்குறளும் வந்து போனது. ஆகவே அதை நான் இங்கே மறுபடியும் இழுக்கப் போவதில்லை.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். வரைவிலக்கணம் சொல்லாமல் ஒரு சொல்லைப் பத்துத் தடவை பாவித்தால் எனக்குப் பொறுக்காது. எழுந்து, "ஒழுக்கம் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் வேலை சுலபம்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். மண்டபம் என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் பட்டியலில் முதல் ஆளே நான்தான் என்று தோன்றியது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பையன்களின் தலைமுடி. கைத்தொலைபேசி. பஸ் தரிப்பிடத்தில் பெண்பிள்ளைகள் பையன்களோடு நின்று கதைப்பது. பெரியவர்கள் வந்தால் எழும்பாமல் இருப்பது. டியூஷன் வகுப்புக்கு என்று சொல்லிவிட்டு டவுனில் சுற்றுவது. சீருடைப் பாவாடையின் நீளத்தைப் பற்றி மட்டும் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினார். கையில் அளவு நாடா இல்லாததுதான் குறை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் கடைசி வாங்கில் இருந்த ஒரு தாய், "வீட்டில் பையன் சொல்லும் பொய் இதில் சேருமா, சேர்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். கூட்ட அறிக்கையில் தலைமுடி ஏறியது, பாவாடை ஏறியது. பொய் ஏறவில்லை.

லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்கிற பிள்ளைக்கு ஒழுக்கம் என்ற சொல் தெரிவதற்கு முன்பே ஒழுக்கு என்ற சொல் தெரிந்துவிடும். நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்தில், பன்னிரண்டு காம்பரா (அறை) கொண்ட லயம் ஒன்றில். வைகாசி கடைசியில் தென்மேல் மழை பிடித்தால் அப்பாவின் அம்மாவான அப்பாயி வீட்டுக்குள் பாத்திரம் பரப்பத் தொடங்குவார். அடுப்புப் பக்கத்து ஒழுக்குக்கு அண்டா, அப்பா படுக்கிற இடத்து ஒழுக்குக்குச் சருவச்சட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் சொட்டுகிற சின்ன ஒழுக்குக்குப் பால்மா டின். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சத்தம். எந்தப் பாத்திரம் நிறைந்துவிட்டது என்பதைத் தூக்கத்திலேயே காதால் கண்டுபிடிப்போம். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் 'ஒழுக்கம் உயர்வு தரும்' என்று எழுதியபோது, மேலேயிருந்து விழுவதால் அப்படிச் சொல்கிறார்களாக்கும் என்று நினைத்து அதைச் சத்தமாகவும் சொல்லிவிட்டேன். தலையில் இரண்டு குட்டு விழுந்தது.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, நான் முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை என்று. இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஒழுகு. நீர் ஒழுகினால் ஒழுக்கு. மனிதர் ஒரு வழியில் ஒழுகினால் ஒழுக்கம். அந்த வழி நல்லதா கெட்டதா என்பதைச் சொல் தனக்குள் வைத்திருக்கவில்லை. பழைய அகப்பாட்டு இலக்கணத்தில் ஊருக்குத் தெரியாமல் காதலர் இருவர் சந்திப்பதற்குக் களவொழுக்கம் என்று பெயர். தினைப்புனத்தில் ஒளிந்து நின்று கதைப்பதும் அங்கே ஓர் ஒழுக்கம். எங்கள் பஸ் தரிப்பிடத்தில் நின்று கதைத்தால் மட்டும் அது ஒழுக்கக்கேடு. தமிழ் மரபு தமிழ் மரபு என்று மேடையில் கை ஓங்குகிறவர்களிடம் இதை ஒரு நாள் சொல்லவேண்டும் என்று ஆசை. வேலை போனாலும் போகட்டும் என்ற மனநிலை வரும் நாளில் சொல்வேன்.

ஆங்கிலத்தில் 'மொரல்' என்கிறார்களே, அதுவும் வழக்கம் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்ததுதான். ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1740 இல் வந்த தன் நூலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக் காட்டினார். ஒழுக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 'இப்படி இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே வந்து, வாசிக்கிறவன் அசந்த நேரத்தில் 'இப்படி இருக்கவேண்டும்' என்று மாறிவிடுகிறார்கள். எந்த இடத்தில், எந்த நியாயத்தின் பேரில் மாறினோம் என்பதைச் சொல்வதே இல்லை. எங்கள் பெற்றார் கூட்டத்தில் அந்த மாற்றத்தை நான் கண்ணால் கண்டேன். நம் காலத்தில் பெண்பிள்ளைகள் குனிந்த தலை நிமிரவில்லை, ஆகவே நிமிரக்கூடாது. இடையில் எந்தப் படியும் கிடையாது. கணித விடைத்தாளில் இப்படிச் செய்தால் நான் புள்ளி போடமாட்டேன்.

(ஸ்கொட்லாந்துக்காரர்களை நாம் வேறு வழியில்தான் அறிந்திருக்கிறோம். 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் அவர்களில் ஒருவர். பல்மோரல், ஹொலிரூட் என்று மலைக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனவர்களும் அவர்கள் வகையறாவே. ஹியூமை மட்டும் யாரும் கப்பல் ஏற்றி அனுப்பவில்லை.)

அம்மா கொழுந்து எடுத்தவர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் நாளுக்கு மூன்று நிறுவை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தொங்கும். சாக்கைக் கொக்கியில் மாட்டினால் முள் ஆடி ஆடி ஓர் இடத்தில் நிற்கவேண்டும். அது நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். சொன்ன எண்ணிலும் சாக்குக்கு, தண்ணீருக்கு, முற்றின இலைக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் 2 கிலோ கழியும். வெயில் நாளிலும் தண்ணீருக்குக் கழியும். மூன்று நிறுவைக்கு 6 கிலோ. அப்போது அங்கே ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 16 கிலோ எடுக்கவேண்டும், எட்டாவிட்டால் அரைப்பேர். ஆக அம்மா 22 கிலோ பறித்தால்தான் அது 16 ஆகும். நான் படித்த முதல் கழித்தல் கணக்கு அதுதான். அதைப் பாடசாலையில் படிக்கவில்லை.

ஒரு பங்குனி நாளில் அடுத்த காம்பரா அத்தை தன் சாக்கின் அடிப்பாகத்தை ஓடையில் நனைத்துக் கொண்டுவந்து தராசில் மாட்டினார். கணக்கப்பிள்ளை கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிடிபட்டது. மொத்த ஆட்களையும் நிற்கவைத்துக்கொண்டு அவர் நேர்மையைப் பற்றிப் பேசினார். உழைக்கிற காசில் உண்மை வேண்டாமா, பிள்ளைகுட்டிக்காரி இப்படிச் செய்யலாமா என்றெல்லாம் கேட்டார். அந்த நிறுவையை அத்தைக்குப் பதியவில்லை. அம்மாவுக்கு மதியச் சாப்பாட்டு வாளி கொண்டுபோயிருந்த நான் மடுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை அழவில்லை. காலில் ஊறிக்கொண்டிருந்த அட்டையைக் குனிந்து பிடுங்கி எறிந்தார்.

அன்று பின்னேரம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் கூடியபோது வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்தது. ஒருத்தியும் அதைக் களவு என்று சொல்லவில்லை. அத்தை எத்தனை வருடமாகக் கொழுந்து எடுக்கிறார், நாளுக்கு 6 கிலோ என்றால் தோட்டம் அவருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று ஒருத்தி கணக்குப் போட்டாள். ஆனால் அத்தையைச் சும்மா விடவும் இல்லை. நாளையிலிருந்து எல்லோருக்கும் 3 கிலோ வெட்டுவானே, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். "உன் சாக்கை நனைத்தாய், இப்போது எங்கள் சாக்கிலும் அல்லவா தண்ணீர் சொட்டுகிறது" என்றார் ஒரு கிழவி. அந்தக் கேள்விக்குத்தான் அத்தை தலைகுனிந்தார்; கணக்கப்பிள்ளைக்குக் குனியவில்லை. சொன்னபடியே மறுநாள் தொடங்கி ஒரு மாதம் 3 கிலோ வெட்டினார்கள். அந்த மாதம் முழுக்க அத்தை, நிறைமாதமாக மலைக்கு வந்துகொண்டிருந்த ஒருத்தியின் கூடையில் போகிற போக்கில் இரண்டு கை கொழுந்தைப் போட்டுவிட்டுப் போனதை அம்மா பார்த்திருக்கிறார். போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

இந்தப் பீலிக்கரை நீதிமன்றத்துக்கு அதன் சொந்தச் சட்டங்கள் இருந்தன. தோட்டத்துச் சவுக்கு மரத்தின் காய்ந்த கிளையை ஒடித்து விறகுக்குக் கொண்டுவருவது களவாகாது. காவல்காரன் பிடித்தால் அது அன்றைய துரதிர்ஷ்டம், அவ்வளவே. அடுத்த வீட்டுத் தோட்டத்துக் கோவாவில் ஒரு இலையைக் கிள்ளினால் அது களவு, வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்கோ இரண்டும் ஒன்று. உண்மையில் அவருக்கு முதலாவதுதான் பெரிது. காலையில் ஆட்களைப் பேர்பதியும் பிரட்டுக்கு நேரத்துக்கு வருவது, சொன்ன மலைக்குப் போவது, எதிர்த்துப் பேசாமல் இருப்பது ஆகியவையே ஒழுக்கமுள்ள தொழிலாளியின் அடையாளங்களாகத் தோட்டத்துக்குப் பட்டன. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்த பிறகு, பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். சம்பளத்தைக் கூட்டிக் கிலோவையும் கூட்டுவதை யாரும் ஒழுக்கக்கேடு என்று சொல்லக் கேட்டதில்லை. நிர்வாகம் என்று சொல்வார்கள்.

சட்டமும் அப்படித்தான் பேசியது. 1865 இல் வந்த வேலை ஒப்பந்தச் சட்டத்தின்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போன கூலியாள் குற்றவாளி; மறியலில் (சிறையில்) அடைக்கவும் செய்யலாம். முறையாகப் போகவேண்டுமானால் கையில் துண்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று எழுதிய சீட்டு அது. அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும்; கடன் ஆளின் தலையிலேயே ஏறி அந்தத் தோட்டத்துக்கும் போகும். 1921 இல்தான் துண்டை ஒழித்தார்கள். இரவோடு இரவாக ஓடிப்போனவனை நன்றிகெட்டவன் என்று, ஆட்களைக் கூட்டிவந்த பெரிய கங்காணி திட்டினார் என்றால், அவர் கணக்குப்படி அவர் பேசியதும் ஒழுக்கமே.

எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948 இன் குடியுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றம் முறைப்படி வாக்கெடுத்து நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி அந்த நாடற்றவர்களைப் பங்கிட்டு இரண்டு நாட்டுப் பிரதமர்களும் முறைப்படி கையெழுத்து வைத்தார்கள்: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர். மீந்த 150,000 பேரை 1974 இல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எனக்குக் கழித்தலைத் தராசு சொல்லிக்கொடுத்தது. வகுத்தலை இந்த ஒப்பந்தங்கள் சொல்லிக்கொடுத்தன. அப்பாயியின் தம்பி இந்தியாப் பங்கில் விழுந்தார். அட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாயி கொஞ்ச தூரம் ஓடினாராம். இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை, எவருடைய நன்னடத்தையும் கெடவில்லை. அப்பாயி இதற்கு ஒரே ஒரு சொல் வைத்திருந்தார்: அநியாயம்.

அதே சொல்லைத்தான் தராசுக்கும் சொன்னார். தங்கச்சி சாப்பிடுவதற்கு முன் நான் சோற்றுப் பானையை வழித்துத் தின்றதற்கும் அதுவேதான். ஒழுக்கம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. கூட்டம் முடிந்து வந்த இரவு இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. நம்மவர் பேச்சில் ஒழுக்கம் எப்போதும் படர்க்கையில் வருகிறது. அவளுக்கு ஒழுக்கம் இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்லை. பேசப்படுகிறவர் அந்த இடத்தில் இருக்கமாட்டார். இருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் இருக்கமாட்டார். நியாயம் முன்னிலையில் வருகிறது. "நீ செய்தது உனக்கே நியாயமாக இருக்கிறதா?" என்று முகத்தைப் பார்த்துத்தான் அதைக் கேட்கமுடியும். கேட்கப்பட்டவன் ஏதாவது பதில் சொல்லியாகவேண்டும். நேர்மையைப் பற்றி அவ்வளவு பேசிய கணக்கப்பிள்ளையிடம், வெயில் நாளில் தண்ணீருக்குக் கழிப்பது நியாயமா என்று ஒருவரும் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. கேட்கமுடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஒழுக்கத்துக்குச் சான்றிதழ்கூட உண்டு. நம் நாட்டில் கிராம உத்தியோகத்தர் கொடுக்கும் படிவம் ஒன்றே வதிவிடத்தையும் நற்குணத்தையும் சேர்த்து உறுதிப்படுத்துகிறது. இரண்டையும் ஒரே தாளில் யார் சேர்த்தார்களோ, லயத்துக்காரர்களை அவர்கள் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். என் முதல் வேலைக்கு அந்தப் பத்திரம் தேவைப்பட்டது. எனக்கென்று ஒரு முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அங்கே யாராவது நினைத்தால் நம் கைக்கு வரும். நான் இன்ன லயத்தில் இன்ன காம்பராவில் இருக்கிறேன் என்று ஒரு காரியாலயத்திலிருந்து இன்னொரு காரியாலயத்துக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு அலைந்ததில் மூன்று வாரம் போனது. குணத்துக்கு ஒரு நிமிடம்தான். அன்றுதான் என்னை முதன்முதலாகப் பார்த்த ஒருவர், தலையை நிமிர்த்தாமலே, நான் நல்லொழுக்கம் உள்ளவன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். இன்றுவரை அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டில் சண்டை வந்தால் எடுத்துக் காட்டலாம்.

சண்டை என்றதும் இன்னொன்று. அந்தப் பட்டியலில், சம்பள நாள் இரவு லயங்களில் கேட்கும் சத்தம் இல்லை. குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பதற்கு எங்கள் ஊரில் குடும்பப் பிரச்சினை என்று பெயர். ஒழுக்கப் பிரச்சினை என்று பெயர் கிடையாது. 1984 வரை பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம். அதையும் பல வீடுகளில் புருஷன்தான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினான். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நாங்கள் பாவாடையை அளந்துகொண்டிருந்தோம். நானும் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். வரைவிலக்கணம் கேட்டேனே தவிர இதை நானும் சொல்லவில்லை.

அப்பாயியைப் புனிதவதியாக்கி முடித்துவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

லயத்தில் பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை. ஒரு வருடம் சித்தப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அட்டனிலிருந்து தாரும் இரண்டு பழைய தகரமும் வாங்கிவந்து எங்கள் பக்கத்துக் கூரையை அடைத்தார். அன்றிரவு மழை கொட்டியது. எங்கள் வீட்டில் ஒரு சொட்டு விழவில்லை. அண்டாவும் சருவச்சட்டியும் அடுப்படியில் காய்ந்துகிடந்தன. அந்த நிசப்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நடுச்சாமத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் இழுக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. எங்களை விட்டு விலகிய தண்ணீர் முழுக்க அங்கே போய் இறங்கிக்கொண்டிருந்தது. அது கடைசிக் காம்பரா. சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்படிக்கிற குடும்பம் அங்கே இருந்தது. பெரிய கங்காணி காலத்தில் சாதி பார்த்துப் பிரித்த லயங்களில் எப்படியோ எங்கள் பக்கத்தில் வந்துவிட்டவர்கள்.

விடிந்ததும் அப்பாயி சித்தப்பாவை எழுப்பினார். மிச்சமிருந்த தாரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கூரையையும் அடைக்கச் சொன்னார். அவர்கள் கேட்கவில்லையே என்றார் சித்தப்பா. "கேட்கிற மாதிரியா நாம் வைத்திருக்கிறோம்? ஏறு" என்றார் அப்பாயி. தூறலில் சித்தப்பா கூரையில் ஏறினார். கீழே நின்று தார் டின்னை நீட்டுவது என் வேலை. அப்பாயி முக்காடாகச் சாக்கைப் போட்டுக்கொண்டு, எந்த இடத்தில் தகரம் விலகியிருக்கிறது என்று கைகாட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார்.

வேலை முடிந்ததும் அந்த வீட்டு அம்மா மூன்று கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் சீனியும் இருந்தது. அந்த மாதத்தில் எங்கள் வீட்டிலேயே சீனி இல்லை. சித்தப்பா எடுத்துக் குடித்தார். நான் சீனியை அள்ளிக்கொண்டு குடித்தேன். அப்பாயி கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், சாக்கை உதறித் தோளில் போட்டார், வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். மூன்றாவது கோப்பையில் ஆவி அடங்கும்வரை அந்த அம்மா அதை எடுக்கவில்லை.